வோல்டேஜைக் கரண்டாக்கும் ஆப்-ஆம்ப் சுற்று: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

உள்ளே 0 முதல் 5 வோல்ட் கொடுத்தால் வெளியே 0 முதல் 20 மில்லியாம்ப் வர வேண்டும். காகிதத்தில் மூன்றே முக்கிய உறுப்புகள்: ஓர் ஆப்-ஆம்ப் (இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் சிப்), ஒரு ட்ரான்சிஸ்டர், ஒரு சென்ஸ் ரெசிஸ்டர் (ஓடும் கரண்டை வோல்டேஜாகக் காட்டும் ரெசிஸ்டர்). போர்டில் ஏற்றியதும் ஒன்று கரண்டே வராது, அல்லது நிற்காமல் வரும், அல்லது பாதி வழியில் நின்றுவிடும். இப்படிப்பட்ட போர்டுகளைத் தொடர்ந்து சரிசெய்து வருபவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்: ஆப்-ஆம்ப் செத்துப்போவது அபூர்வம். ஆனால் பலரும் முதலில் கழற்றுவது அதைத்தான். கழற்றும் முன் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

நான் எடுத்துக்கொள்ளும் அடிப்படைச் சுற்று இது. உள்ளீட்டு வோல்டேஜ் ஆப்-ஆம்பின் பிளஸ் காலுக்கு. ஆப்-ஆம்பின் அவுட்புட் ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கோ மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கோ. எமிட்டர் அல்லது சோர்ஸ், சென்ஸ் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு. சென்ஸ் ரெசிஸ்டரின் மேல்முனை ஆப்-ஆம்பின் மைனஸ் காலுக்கு. லோடு (கரண்டைப் பெறும் கருவி), சப்ளைக்கும் கலெக்டருக்கும் (அல்லது டிரெய்னுக்கும்) நடுவே. சென்ஸ் ரெசிஸ்டர் 250 ஓம் என்றால் 1 வோல்டுக்கு 4 மில்லியாம்ப், 5 வோல்டுக்கு 20 மில்லியாம்ப். ஹவ்லேண்ட் சுற்றும் (ஓர் ஆப்-ஆம்பும் நான்கு ரெசிஸ்டர்களும் கொண்டு கரண்ட் தரும் வகை) சப்ளை பக்கத்திலிருந்து கரண்ட் தள்ளும் சுற்றும் வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த நான்கு அளவுகள்

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சென்ஸ் ரெசிஸ்டரின் கிரவுண்டு முனையிலேயே வையுங்கள். போர்டின் வேறொரு மூலையில் இருக்கும் கிரவுண்டில் வைக்காதீர்கள். பிறகு வரிசையாக: ஆப்-ஆம்பின் பிளஸ் கால், மைனஸ் கால், அவுட்புட் கால், கடைசியாக கலெக்டர் அல்லது டிரெய்ன். நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ்ஸும் மைனஸும் சில மில்லிவோல்டுக்குள் ஒன்றாக இருந்தால் ஆப்-ஆம்ப் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பிழை லோடு பக்கத்திலோ ரெசிஸ்டர் மதிப்பிலோ அளக்கும் விதத்திலோ இருக்கிறது.

இரண்டும் ஒன்றாக இல்லை, அவுட்புட் மேல் எல்லையிலோ கீழ் எல்லையிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், ஆப்-ஆம்ப் சரிசெய்ய முயல்கிறது, ஆனால் சுற்று அதற்கு ஒத்துழைக்கவில்லை. எங்கோ வழி அறுந்திருக்கிறது, அல்லது வோல்டேஜ் போதவில்லை.

மைனஸ், பிளஸ்ஸைவிட அதிகமாக இருந்தும் அவுட்புட் மேலேயே நிற்கிறது என்றால் மட்டும் ஆப்-ஆம்பைச் சந்தேகிக்கலாம். அப்போதும் கால்கள் மாறியிருக்கின்றனவா, உள்ளீடு அதன் அனுமதித்த எல்லையைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான்.

## அறிகுறி 1: கரண்டே வரவில்லை

மீட்டர். மல்டிமீட்டரின் மில்லியாம்ப் துளைக்குப் பின்னால் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. அது எரிந்திருந்தால் மீட்டர் சுழியம் காட்டும், லோடு வழியும் அறுந்துவிடும், சுற்று மொத்தமும் கெட்டதுபோலத் தெரியும். மீட்டரை எடுத்துவிட்டு, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை லோடாக வைத்து அதன் குறுக்கே வோல்டேஜ் பாருங்கள். 20 மில்லியாம்ப் ஓடினால் 2 வோல்ட் தெரிய வேண்டும். கரண்டை இப்படி அளப்பதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

சென்ஸ் ரெசிஸ்டரில் வோல்டேஜ் சரி, லோடில் கரண்ட் இல்லை. பலரைச் சுற்றவிடும் இடம் இது. சாதாரண ட்ரான்சிஸ்டர் போட்ட சுற்றில் லோடு வயர் அறுந்தால் கலெக்டர் கரண்ட் நின்றுவிடும். ஆனால் ஆப்-ஆம்ப் விடாது. தன் அவுட்புட்டிலிருந்து பேஸ்-எமிட்டர் டயோடு வழியாகவே கரண்டைச் சென்ஸ் ரெசிஸ்டருக்குள் தள்ளி, அங்கே வர வேண்டிய வோல்டேஜைக் கொண்டுவந்துவிடும். எல்எம்358 போன்ற ஆப்-ஆம்ப் இப்படி 20 மில்லியாம்ப் வரை தர வல்லது. பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றாக இருக்கும், சென்ஸ் ரெசிஸ்டரில் கணக்குப்படி வோல்ட் இருக்கும், லோடில் மட்டும் ஒன்றும் இருக்காது.

கண்டுபிடிக்க, கலெக்டரை எமிட்டரோடு ஒப்பிட்டு அளங்கள். வித்தியாசம் ஏறக்குறைய சுழியம் என்றால் லோடு வழி அறுந்திருக்கிறது. கனெக்டர், ஸ்க்ரூ டெர்மினல், சால்டர் என்று அந்த வழியிலேயே தேடுங்கள். மாஸ்ஃபெட் சுற்றில் இந்தக் குழப்பம் இல்லை. கேட் வழியாகக் கரண்ட் போகாது என்பதால், லோடு அறுந்தால் சென்ஸ் ரெசிஸ்டரும் சுழியம் காட்டும், ஆப்-ஆம்ப் அவுட்புட் மேலே போய் முட்டி நிற்கும்.

லோடின் ஒரு முனை கிரவுண்டில். அடிப்படைச் சுற்று கரண்டை உள்ளே இழுப்பது. லோடின் மறுமுனை பிளஸ் சப்ளையில் இருந்தால்தான் அது வேலை செய்யும். பிஎல்சி (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) அனலாக் உள்ளீட்டுக்குள் இருக்கும் 250 ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனை பல சமயம் அதன் கிரவுண்டிலேயே இருக்கும். பிஎல்சி கிரவுண்டும் உங்கள் கிரவுண்டும் ஒன்றாக இருந்தால் கலெக்டருக்குக் கரண்ட் வர வழியே இல்லை. எந்த உறுப்பை மாற்றினாலும் தீராது. சப்ளை பக்கத்திலிருந்து தள்ளும் சுற்றுக்கோ ஹவ்லேண்டுக்கோ மாற வேண்டும்.

கேட் வோல்டேஜ் போதவில்லை. 5 வோல்ட் சப்ளையில் எல்எம்358-இன் அவுட்புட் ஏறக்குறைய 3.5 வோல்டைத் தாண்டாது. ஐஆர்எஃப்540 போன்ற மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்கவே 2 முதல் 4 வோல்ட் வேண்டும், அதற்கு மேல் சென்ஸ் ரெசிஸ்டரின் வோல்டேஜும் சேரும். கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆப்-ஆம்புக்கு 12 வோல்ட் கொடுங்கள், அல்லது ஐஆர்எல்இசட்44என் போன்ற லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் போடுங்கள். முதல் வழிதான் என் தேர்வு. வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை.

## அறிகுறி 2: உள்ளீடு எதுவானாலும் முழுக் கரண்ட்

சப்ளையை உடனே நிறுத்துங்கள். ட்ரான்சிஸ்டரும் லோடும் சூடாகிக்கொண்டிருக்கும். மறுபடி கொடுக்கும்போது கரண்ட் லிமிட் வைத்த பென்ச் சப்ளையில், 30 மில்லியாம்ப் அளவுக்குள் கட்டிக் கொடுங்கள்.

பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஃபீட்பேக் (சென்ஸ் ரெசிஸ்டரிலிருந்து ஆப்-ஆம்புக்குத் திரும்பி வரும் சிக்னல்) தலைகீழாகி, அவுட்புட் ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். எந்தக் காலுக்கு ஃபீட்பேக் போக வேண்டும் என்பதில் மாஸ்ஃபெட் சுற்றுகளில் அதிகக் குழப்பம் வருகிறது. சென்ஸ் ரெசிஸ்டர் சோர்ஸ் காலில் இருந்தால், என்-சேனலோ பி-சேனலோ, ஃபீட்பேக் மைனஸுக்கு. சென்ஸ் ரெசிஸ்டர் டிரெய்ன் பக்கம் இருந்தால் மாஸ்ஃபெட் சிக்னலைத் தலைகீழாக்குகிறது, அதனால் ஃபீட்பேக் பிளஸுக்கு.

ஃபீட்பேக் வழி அறுந்திருக்கிறது. மைனஸ் காலுக்கு வரும் தடத்தில் விரிசல், அல்லது சால்டர் பிடிக்காத கால். சப்ளை இல்லாமல் சென்ஸ் ரெசிஸ்டரின் மேல்முனையிலிருந்து மைனஸ் கால் வரை கன்டினியூட்டி பாருங்கள். நடுவில் ரெசிஸ்டர் போட்டிருந்தால் அதன் மதிப்பு தெரிய வேண்டும்.

சென்ஸ் ரெசிஸ்டர் ஷார்ட். சால்டர் பாலம் ஒன்று போதும். எவ்வளவு கரண்ட் போனாலும் மைனஸ் கால் சுழியத்திலேயே இருப்பதால் ஆப்-ஆம்ப் முழுவதுமாகத் திறந்துவிடும்.

மாஸ்ஃபெட் செத்திருக்கிறது. சப்ளையை எடுத்து, கேட்டையும் சோர்ஸையும் ஒரு கணம் சேர்த்துவிட்டு, டிரெய்ன்-சோர்ஸ் இடையே டயோடு நிலையில் அளங்கள். நல்ல மாஸ்ஃபெட் ஒரு திசையில் சுமார் அரை வோல்ட் காட்டும், மறு திசையில் திறந்திருக்கும். இரண்டு திசையிலும் சுழியம் என்றால் மாற்றுங்கள். போர்டிலேயே அளந்து சந்தேகமாக இருந்தால் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளங்கள்.

உள்ளீடு சுழியத்தில் மட்டும் முழுக் கரண்ட், கொஞ்சம் ஏற்றினால் சரியாகிறது. கீழே மைனஸ் சப்ளை இல்லாமல் டிஎல்072 போட்டிருக்கிறீர்களா? அந்த வகை ஆப்-ஆம்பின் பழைய வார்ப்பில், உள்ளீடு கீழ் சப்ளையை மிகவும் நெருங்கினால் அவுட்புட் திடீரென்று எதிர்ப்பக்கம் பாயும். 741-உம் இங்கே உதவாது. அதன் உள்ளீடு கீழ் சப்ளையிலிருந்து இரண்டு மூன்று வோல்ட் மேலே இருக்க வேண்டும். ஒற்றைச் சப்ளையில் கிரவுண்டு வரை உள்ளீட்டை ஏற்கும் எல்எம்358 வகை வேண்டும், அல்லது ஆப்-ஆம்புக்கு ஒரு மைனஸ் சப்ளை கொடுக்க வேண்டும்.

## அறிகுறி 3: கீழே சரி, மேலே போனால் நின்றுவிடுகிறது

அடிக்கடி வரும் கேள்வி இது. பெரும்பாலும் எந்த உறுப்பும் கெட்டிருக்காது, வோல்டேஜ்தான் தீர்ந்துபோயிருக்கும்.

ஒரு கணக்கு. சப்ளை 12 வோல்ட், சென்ஸ் ரெசிஸ்டர் 250 ஓம், லோடு 500 ஓம். 20 மில்லியாம்புக்குச் சென்ஸ் ரெசிஸ்டர் 5 வோல்ட் தின்னும், லோடு 10 வோல்ட் தின்னும். மொத்தம் 15. இருப்பது 12. மாஸ்ஃபெட் போட்டிருந்தால் 12-ஐ 750-ஆல் வகுத்த 16 மில்லியாம்பில் கரண்ட் தட்டையாக நின்றுவிடும். உள்ளீட்டை எவ்வளவு ஏற்றினாலும் அசையாது.

சாதாரண ட்ரான்சிஸ்டர் போட்டு, பேஸில் ரெசிஸ்டரும் இல்லையென்றால் நடப்பது வேறு. கரண்ட் 15.7 மில்லியாம்ப் வரை ஏறி, அப்புறம் இறங்கத் தொடங்கும். உள்ளீடு 5 வோல்ட் ஆகும்போது லோடில் 13.6 மில்லியாம்ப்தான் இருக்கும். முன்பு சொன்ன அதே காரணம்தான்: ட்ரான்சிஸ்டர் முழுவதும் திறந்த பிறகு, குறையும் கரண்டை ஆப்-ஆம்ப் பேஸ் வழியாக நிரப்பிச் சென்ஸ் ரெசிஸ்டரை 5 வோல்டுக்குத் தூக்குகிறது. எமிட்டர் உயர உயர, லோடுக்கு மிஞ்சும் வோல்டேஜ் குறைகிறது. உள்ளீட்டை ஏற்றினால் கரண்ட் இறங்குகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

சோதனை ஒன்றே. லோடை ஒரு வயரால் ஷார்ட் செய்யுங்கள். அடிப்படைச் சுற்றில் கரண்டை நிர்ணயிப்பது சென்ஸ் ரெசிஸ்டர் என்பதால் இது ஆபத்தில்லை, ட்ரான்சிஸ்டர் மட்டும் கூடுதலாகச் சூடாகும், சில நொடிகள் போதும். கரண்ட் 20-க்கு ஏறினால் பிழை வோல்டேஜ் பற்றாக்குறைதான்.

ஷார்ட் செய்தும் ஏறவில்லையா? ஆப்-ஆம்பின் அவுட்புட் காலைப் பாருங்கள். அது தன் மேல் எல்லையில் நிற்கிறது என்றால் குறைவது ஆப்-ஆம்பின் சப்ளை. நிற்கவில்லை என்றால் உள்ளீட்டு வோல்டேஜே மேலே போகவில்லை. அதைக் கொடுக்கும் டாக்கையோ (டிஜிட்டல் எண்ணை வோல்டேஜாக்கும் சிப்) பொட்டென்ஷியோமீட்டரையோ பாருங்கள்.

தீர்வுகள், செலவு குறைந்ததிலிருந்து:

- சென்ஸ் ரெசிஸ்டரைக் குறைத்து, உள்ளீட்டையும் அதே விகிதத்தில் ரெசிஸ்டர்களால் பிரித்துக் குறையுங்கள். 50 ஓம் என்றால் 20 மில்லியாம்புக்கு 1 வோல்ட்தான் தின்னும்.
- லோடு சப்ளையை 24 வோல்ட் ஆக்குங்கள். ட்ரான்சிஸ்டர் சூட்டை உடனே கணக்குப் போட்டுப் பாருங்கள், அது அறிகுறி 8-இல் வருகிறது.
- நீண்ட கேபிள் என்றால் அதன் ரெசிஸ்டன்ஸை அளந்து கணக்கில் சேருங்கள். போகும் வயர், வரும் வயர் இரண்டையும்.

## அறிகுறி 4: எல்லா இடத்திலும் ஒரே அளவு தவறு, அல்லது சுழியத்துக்கு அருகில் மட்டும் தவறு

உள்ளீட்டின் சுழியம், பாதி, முழு ஆகிய மூன்று இடங்களில் அளந்து, வர வேண்டியதற்கும் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். மூன்றிலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் அது ஆஃப்செட், அதாவது ஆப்-ஆம்பின் இரண்டு உள்ளீடுகளுக்கும் இடையே எப்போதும் நிற்கும் சிறு வோல்டேஜ் தவறு.

எல்எம்358-இன் உள்ளீட்டு ஆஃப்செட் வழக்கமாக 2 மில்லிவோல்ட், அதிகபட்சம் 7 வரை போகலாம். 250 ஓம் சென்ஸ் ரெசிஸ்டரில் 7 மில்லிவோல்ட் என்பது 28 மைக்ரோஆம்ப், பல வேலைகளுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். அதே ஆப்-ஆம்பை 1 ஓம் சென்ஸ் ரெசிஸ்டரோடு போட்டால் தவறு 7 மில்லியாம்ப். அறிகுறி 3-க்காகச் சென்ஸ் ரெசிஸ்டரைக் குறைக்கும்போது இந்த விலையைக் கொடுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. நான் 20 மில்லியாம்ப் சுற்றுகளில் 50 ஓமுக்குக் கீழே போவதில்லை.

ஆஃப்செட்டின் திசை எதிராக இருந்தால் உள்ளீடு சில மில்லிவோல்ட் ஏறும்வரை கரண்ட் தொடங்கவே தொடங்காது. அதுவும் இதே பிழைதான்.

ஆப்-ஆம்பை மாற்றும் முன் கிரவுண்டைப் பாருங்கள். உள்ளீட்டின் கிரவுண்டும் சென்ஸ் ரெசிஸ்டரின் கீழ்முனையும் ஒரே புள்ளியில் சேராமல், நடுவே மற்ற உறுப்புகளின் கரண்ட் ஓடும் தடம் இருந்தால், அந்தத் தடத்தில் விழும் மில்லிவோல்டுகளும் ஆஃப்செட் போலவே தெரியும். இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே மில்லிவோல்ட் நிலையில் அளங்கள். ஏதாவது தெரிந்தால் தனி வயர் ஒன்று இழுத்துப் பாருங்கள். பிரெட்போர்டில் இது எப்போதும் இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால் ஆஃப்செட் குறைந்த ஆப்-ஆம்ப். ஓபி07 மிகத் துல்லியமானது, ஆனால் அதன் உள்ளீடு கிரவுண்டு வரை போகாது, மைனஸ் சப்ளை வேண்டும்.

சப்ளை பக்கச் சுற்றில், குறைந்த கரண்டில் மட்டும் தவறு, மேலே சரி. இந்தச் சுற்றில் சென்ஸ் ரெசிஸ்டர் பிளஸ் சப்ளையில் தொங்குகிறது. கரண்ட் குறைவாக இருக்கும்போது ஆப்-ஆம்பின் இரண்டு உள்ளீடுகளும் பிளஸ் சப்ளையை ஒட்டியே இருக்கும். எல்எம்358-இன் உள்ளீடு சப்ளையிலிருந்து ஒன்றரை வோல்ட் கீழே இருந்தால்தான் ஒழுங்காக இயங்கும். கரண்ட் ஏறி, ரெசிஸ்டரில் அந்த ஒன்றரை இரண்டு வோல்ட் விழுந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும். இங்கே டிஎல்072 நன்றாக ஒத்துப்போகும், அதன் உள்ளீடு பிளஸ் சப்ளை வரை ஏற்கும். அறிகுறி 2-இல் தொல்லை கொடுத்த அதே ஆப்-ஆம்ப் இங்கே சரியான தேர்வு.

## அறிகுறி 5: ஏற ஏறத் தவறும் ஏறுகிறது

தவறு சதவீதக் கணக்கில் மாறாமல் இருந்தால் முதலில் சென்ஸ் ரெசிஸ்டர். 5 சதவீத வகையைப் போட்டிருக்கிறீர்களா என்று நிறப் பட்டைகளைப் பாருங்கள். 1 ஓமுக்கு அருகில் என்றால் சால்டரும் தடமும் சேர்க்கும் மில்லிஓம்களும் கணக்கில் வரும். மைனஸ் காலுக்கான தடத்தை ரெசிஸ்டரின் உடலை ஒட்டியே எடுக்க வேண்டும், கரண்ட் ஓடும் தடத்தின் நடுவிலிருந்து எடுக்கக் கூடாது.

அடுத்து பேஸ் கரண்ட். சென்ஸ் ரெசிஸ்டர் அளப்பது எமிட்டர் கரண்டை, லோடுக்குப் போவது கலெக்டர் கரண்ட். ட்ரான்சிஸ்டரின் கெயின் 100 என்றால் லோடில் 1 சதவீதம் குறைவாக வரும். இதை ட்ரிம்பாட்டால் (திருகி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) சரிக்கட்டலாம்தான், ஆனால் கெயின் சூட்டோடு மாறுகிறது. மாஸ்ஃபெட்டுக்கு மாறினால் பிரச்சினையே இல்லாமல் போகும். 20 மில்லியாம்ப் அளவுக்கு 2என்7000 போதும், சூட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: லோடை மாற்றினால் கரண்டும் மாறுகிறது

அடிப்படைச் சுற்றில் இது வந்தால் அறிகுறி 3-க்குப் போங்கள். ஹவ்லேண்ட் சுற்றில் வந்தால் இங்கேயே இருங்கள்.

ஹவ்லேண்டின் உயிர் நான்கு ரெசிஸ்டர்களின் விகிதத்தில் இருக்கிறது. பிளஸ் பக்கத்து இரண்டின் விகிதமும் மைனஸ் பக்கத்து இரண்டின் விகிதமும் ஒன்றாக இருந்தால்தான் அது கரண்ட் சோர்ஸ். நான்கும் 10 கிலோஓம், எல்லாம் 1 சதவீத வகை என்று வையுங்கள். மோசமான சேர்க்கையில் விகிதங்கள் 4 சதவீதம் விலகலாம், அப்போது அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் சுமார் 250 கிலோஓமுக்கு இறங்கிவிடும். 5 வோல்ட் உள்ளீட்டில் இந்தச் சுற்று தர வேண்டியது 0.5 மில்லியாம்ப். லோடில் 5 வோல்ட் விழும்போது 20 மைக்ரோஆம்ப் விலகிப்போகும், அதாவது 4 சதவீதம். 0.1 சதவீத ரெசிஸ்டர் போட்டால் இதே விலகல் 0.4 சதவீதமாகும்.

ரெசிஸ்டர்களைக் குறைசொல்லும் முன் உள்ளீட்டைக் கொடுப்பது எது என்று பாருங்கள். 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து நேராகக் கொடுத்தால், நடுநிலையில் அதன் 2.5 கிலோஓம், ஹவ்லேண்டின் 10 கிலோஓமோடு சேர்ந்துவிடும். விகிதம் 25 சதவீதம் கெட்டுப்போனது. அதுவும் குமிழைத் திருப்பத் திருப்ப வேறு வேறு அளவில். நடுவில் ஓர் ஆப்-ஆம்ப் பஃபர் போட்டாலே தீர்ந்துவிடும். இரட்டை ஆப்-ஆம்ப் சிப் என்றால் மறுபாதி சும்மாதானே இருக்கிறது.

விகிதத்தை ட்ரிம் செய்யும் முறை: நான்கில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 9.53 கிலோஓமும் அதோடு தொடராக 1 கிலோஓம் பலசுற்று ட்ரிம்பாட்டும் போடுங்கள். மீட்டரை மட்டும் லோடாக வைத்துக் கரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதோடு தொடராக, சில வோல்ட் விழும்படி ஒரு ரெசிஸ்டரைச் சேருங்கள். இரண்டு நிலையிலும் ஒரே கரண்ட் வரும்வரை ட்ரிம்பாட்டைத் திருப்புங்கள். கரண்டின் அளவு சரியா என்று இப்போது பார்க்காதீர்கள். லோடு மாறினாலும் மாறாமல் இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. அளவை அப்புறம் உள்ளீட்டுப் பக்கத்தில் சரிசெய்யலாம்.

லோடு இல்லாமல் வைத்தால் ஹவ்லேண்டின் அவுட்புட் ஒரு சப்ளையில் போய் ஒட்டிக்கொள்ளும். அது பிழையல்ல.

## அறிகுறி 7: அளவு ஆடுகிறது, கை பட்டால் மாறுகிறது, ஆப்-ஆம்ப் காரணமில்லாமல் சூடாகிறது

ஆசிலேஷன், அதாவது சுற்று தானாகவே அதிர்வது. மல்டிமீட்டர் இதை மறைத்துவிடும், சராசரியைக் காட்டிக்கொண்டு நிலையாக நிற்கும். அந்தச் சராசரி கணக்கோடு ஒத்துப்போகாது என்பதுதான் ஒரே துப்பு. ஆசிலோஸ்கோப் இருந்தால் 10 மடங்கு ப்ரோபில் ஆப்-ஆம்ப் அவுட்புட்டைப் பாருங்கள். 1 மடங்கு நிலையில் ப்ரோபும் கேபிளும் சேர்க்கும் கெபாசிட்டன்ஸே புதிதாக ஆசிலேஷனைக் கிளப்பலாம். ஸ்கோப் இல்லையென்றால் மீட்டரை ஏசி மில்லிவோல்டில் வைத்துச் சென்ஸ் ரெசிஸ்டரைப் பாருங்கள். ஏதாவது காட்டினால் ஆசிலேஷன் இருக்கலாம். ஒன்றும் காட்டாவிட்டால் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், பல மீட்டர்களின் ஏசி அளவீடு உயர்ந்த அதிர்வெண்ணில் படுத்துவிடும்.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையிலேயே:

முதலில் ஆப்-ஆம்பின் சப்ளைக் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர். இருக்கிறது என்றால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து மாஸ்ஃபெட்டின் கேட். ஐஆர்எஃப்540 போன்ற பெரிய மாஸ்ஃபெட்டின் கேட்டில் ஆயிரத்து ஐந்நூறு பிகோஃபாரட்டுக்கு மேல் இருக்கும். 20 மில்லியாம்புக்கு அவ்வளவு பெரிய மாஸ்ஃபெட் தேவையா என்பதே முதல் கேள்வி. தேவை என்றால் கேட்டுக்கு 100 ஓம் தொடராகப் போடுங்கள். பிறகு சென்ஸ் ரெசிஸ்டரிலிருந்து மைனஸ் காலுக்கு நேராகப் போகும் வயரை எடுத்துவிட்டு 10 கிலோஓம் போடுங்கள். ஆப்-ஆம்பின் அவுட்புட்டிலிருந்து மைனஸ் காலுக்கு 1 நானோஃபாரட். வேகமான மாற்றங்களை ஆப்-ஆம்ப் இப்போது கேட்டைச் சுற்றிவராமல் இந்தக் கெபாசிட்டர் வழியாகவே பார்த்துக்கொள்ளும், சுற்றின் வேகம் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். தொழிற்சாலை சிக்னல்களுக்கு இது தாராளம். வேகம் வேண்டுமென்றால் கெபாசிட்டரை 100 பிகோஃபாரட் வரை படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். இந்த மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. 10 கிலோஓம் இல்லாமல் கெபாசிட்டரை மட்டும் போட்டால் பயன் இல்லை.

லோடு ஒரு சுருளா? சோலனாய்டு, ரிலே, சிறு மோட்டார் போன்றவற்றில் கரண்டை வேகமாக மாற்ற முயன்றால் வோல்டேஜ் எகிறும். சுருளின் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு கட்டாயம், அது ட்ரான்சிஸ்டரைக் காப்பாற்றும். ஆட்டம் நிற்க, ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர் ஒன்றைச் சுருளின் குறுக்கே போட்டுப் பாருங்கள். சென்ஸ் ரெசிஸ்டராக வயர் சுற்றிய பீங்கான் வகையைப் போட்டிருந்தால் அதுவும் ஒரு சிறு சுருள்தான். மெட்டல் ஃபிலிம் வகைக்கு மாற்றுங்கள்.

கேபிள் நீளமானதும் ஆட்டம் தொடங்கினால், போர்டிலேயே அவுட்புட் டெர்மினலில் 10 நானோஃபாரட் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போட்டுப் பாருங்கள்.

50 ஹெர்ட்ஸில் சீராக ஆடுவது ஆசிலேஷன் அல்ல, வெளியிலிருந்து வருவது. கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டு செய்யுங்கள். மைக்ரோகன்ட்ரோலரின் பிடபிள்யுஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து சராசரி வோல்டேஜை மாற்றும் முறை) அதிர்வெண்ணில் ஆடினால் உள்ளீட்டு ஃபில்டர் போதவில்லை, இன்னொரு ரெசிஸ்டர்-கெபாசிட்டர் படி சேருங்கள்.

## அறிகுறி 8: தொடங்கும்போது சரி, சூடானதும் நகர்கிறது

ட்ரான்சிஸ்டரின் சூட்டைக் கணக்கிடுங்கள். 24 வோல்ட் சப்ளை, 250 ஓம் சென்ஸ் ரெசிஸ்டர், லோடு ஷார்ட்: 19 வோல்ட் பெருக்கல் 20 மில்லியாம்ப், 0.38 வாட். பிசி547-இன் எல்லை 25 டிகிரியில் சுமார் அரை வாட். மூடிய பெட்டிக்குள் அந்த எல்லை இன்னும் கீழே வரும். பிடி139 போன்றதற்கு மாறினால் நிம்மதி.

சென்ஸ் ரெசிஸ்டர் 100 பிபிஎம் (ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு நகரும்) வகை என்றால் 50 டிகிரி ஏற்றத்துக்கு 0.5 சதவீதம் நகரும், 20 மில்லியாம்பில் அது 0.1 மில்லியாம்ப். ட்ரான்சிஸ்டருக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருந்தால் தள்ளி வையுங்கள். அதிலேயே விழும் வாட்டைப் போல நான்கைந்து மடங்கு தாங்கும் ரெசிஸ்டரைப் போடுங்கள். போர்டின் செம்புத் தடத்தையே சென்ஸ் ரெசிஸ்டராக வைத்தவர்களுக்கு: செம்பு ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் நகரும். அதைச் சரிக்கட்ட முயல வேண்டாம்.

எது நகர்கிறது என்று பிடிக்க, ஹேர் டிரையரை ஒவ்வோர் உறுப்பின் மேலும் தனித்தனியாகக் காட்டுங்கள். உள்ளீட்டைக் கொடுக்கும் ரெஃபரன்ஸையும் விட்டுவிடாதீர்கள், பல சமயம் குற்றவாளி அதுதான்.

## எப்போது வேறொருவரிடம் கொடுக்க வேண்டும்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் 0.1 சதவீதத்துக்குள் நிற்கவில்லை, அதுதான் வேண்டும் என்றால், தனி உறுப்புகளோடு மல்லுக்கட்டுவதை நிறுத்துங்கள். எக்ஸ்டிஆர்111, ஏடி694 போன்ற சிப்கள் இந்த வேலைக்காகவே செய்யப்பட்டவை. லோடு அறுந்தால் சொல்லும் வசதியும் அவற்றில் இருக்கிறது. சான்றிதழோடு கூடிய துல்லியம் வேண்டுமென்றால் போர்டை அளவுத்திருத்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வீட்டு மல்டிமீட்டரின் துல்லியம் அதற்குப் போதாது.

ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் 4–20 மில்லியாம்ப் லூப்பைத் (கருவியின் அளவைக் கரண்டாக அனுப்பும் வயர் சுற்று) தனியாகத் தொடாதீர்கள். நாமூர் என்ற தொழில் சங்கத்தின் என்ஈ 43 பரிந்துரையைப் பின்பற்றும் கருவிகள் 3.6 மில்லியாம்பும் அதற்குக் கீழும், 21-உம் அதற்கு மேலும் போனால் பழுது என்று எடுத்துக்கொள்ளும். மீட்டரைத் தொடராகச் செருக வயரை ஒரு நொடி கழற்றினாலே கரண்ட் சுழியமாகி, கன்ட்ரோலர் இயந்திரத்தை நிறுத்தக்கூடும். அந்த லூப்புக்குப் பொறுப்பான இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆளை அழைத்து, லூப்பை மேனுவலுக்கு மாற்றிய பிறகே அளக்க வேண்டும்.

எரிவாயு, தூசு போன்றவற்றால் வெடிக்கும் அபாயம் உள்ள இடத்துச் சுற்றுகளில் ஒரு ரெசிஸ்டரைக்கூட நாமாக மாற்றக் கூடாது. அந்த மதிப்புகள் பாதுகாப்புச் சான்றிதழின் பகுதி. மனித உடலில் மின்முனை வைக்கும் கரண்ட் சோர்ஸ்களும் அப்படியே. ஹவ்லேண்ட் அங்கே பரவலாகப் பயன்படுகிறது, ஆனால் ஓர் உறுப்பு பழுதானாலும் உடலுக்குள் போகும் கரண்ட் எல்லை மீறாதபடி தனிமைப்படுத்தலும் பாதுகாப்பும் வேண்டும். மருத்துவக் கருவிகளுக்குத் தகுதி பெற்றவர்களிடமே அதைக் கொடுங்கள்.